தைமின் லிப்பிட் படலம் இணை பிடிக்கவில்லை, ஒளிக்கு மசியவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

இங்கே எடுத்துக்கொள்ளும் மூலக்கூறு 1-ஆக்டாடெசைல்தைமின். பதினெட்டுக் கார்பன் வால், அதன் முனையில் டிஎன்ஏவின் காரங்களில் ஒன்றான தைமின் தலை, மூலக்கூறு எடை 378.6. வால் தைமினின் முதல் நைட்ரஜனில் ஒட்டியிருப்பதால் மூன்றாம் நைட்ரஜனின் ஹைட்ரஜனும் நான்காம் கார்பனின் ஆக்சிஜனும் தைமினின் இணைக் காரமான அடினினைப் பிடிக்கக் காலியாக இருக்கின்றன. இதை நீர்ப்பரப்பில் ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பரப்பி, அடியில் இருக்கும் நீரில் (இனி அடிநீர்) அடினோசின் (அடினினோடு சர்க்கரை சேர்ந்தது) கரைத்து, இணை சேர்கிறதா என்று பார்ப்பது வேலையின் முதல் பாதி. அந்தப் படலத்தைக் குவார்ட்ஸ் தகட்டில் ஏற்றிப் புற ஊதா ஒளி காட்டி, அண்டை அண்டையாக நிற்கும் தைமின்களை இருமமாக ஒட்டவைப்பது இரண்டாம் பாதி.

இரண்டாம் பாதியில் தலைகாட்டும் கோளாறுகளில் பெரும்பாலானவை முதல் பாதியில் விதைத்தவை. விளக்கை மாற்றும் முன் தொட்டியைப் பாருங்கள்.

கையில் இருக்கவேண்டிய எண்கள்

240 சதுர செ.மீ. பரப்பும் 250 மி.லி. கொள்ளளவும் உள்ள டெஃப்லான் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். மூலக்கூறு ஒன்றுக்கு 1 சதுர நானோமீட்டர் இடம் கொடுத்துத் தொடங்கினால் மொத்தம் 40 நானோமோல் வேண்டும். 1 மில்லிமோலார் குளோரோஃபார்ம் கரைசலில் அது 40 மைக்ரோலிட்டர். 10 மி.லி. கரைசலுக்கு 3.79 மி.கி. எடை போடவேண்டும். நீர்ப்பரப்பில் மிதக்கும் படலத்தின் மொத்த எடையோ 15 மைக்ரோகிராம்தான். இந்த 15ஐ மறக்காதீர்கள், கீழே வரும்.

நேராக நிற்கும் ஒற்றை வாலின் குறுக்குப் பரப்பு 0.19 முதல் 0.20 சதுர நானோமீட்டர். தைமின் வளையம் 0.34 நானோமீட்டர் கனம். அது விளிம்பில் நின்றால் சுமார் 0.22 சதுர நானோமீட்டர் பிடிக்கும், படுத்தால் ஏறக்குறைய அதன் இருமடங்கு. இறுக்கிய நிலையில் உங்கள் ஐசோதெர்ம் (பேரியர் என்னும் நகரும் தடுப்பால் படலத்தை நெருக்கும்போது பரப்பளவுக்கு எதிராக அழுத்தம் ஏறும் கோடு) 0.19க்குக் கீழே போனால் அது ஒற்றைப் படலம் அல்ல. ஒன்று அடுக்கேறிவிட்டது, இல்லையென்றால் நீங்கள் நினைத்த அளவு பொருள் பரப்பில் இல்லை.

அறிகுறி: லிப்பிட் போடாமலே அழுத்தம் ஏறுகிறது

வெறும் அடிநீர் மேல் பேரியரை முழுதாக மூடுங்கள். பரப்பு அழுத்தம் (நீரின் பரப்பு இழுவிசை எவ்வளவு குறைந்தது என்பது) 0.2 மில்லிநியூட்டன்/மீட்டருக்கு மேல் ஏறினால் அன்றைய வேலையைத் தொடங்கவே கூடாது.

தண்ணீர் 18.2 மெகாஓம்-செ.மீ. காட்டுகிறதே என்று கேட்பார்கள். அந்த மீட்டர் அயனிகளை மட்டும்தான் பார்க்கும்; மின்சுமை இல்லாத எண்ணெய்ப் பசை அதன் கண்ணில் படாது. 20 டிகிரியில் சுத்தமான நீரின் பரப்பு இழுவிசை 72.8 மி.நி/மீ. வில்ஹெல்மி தகட்டில் (நீரைத் தொட்டுத் தொங்கி இழுவிசையை அளக்கும் மெல்லிய தகடு) அந்த எண் வருகிறதா என்று பாருங்கள்.

வெறும் நீர் சுத்தம், அடினோசின் கரைத்ததும் ஏறுகிறது என்றால் குற்றவாளி பொடிதான். 250 மி.லி.க்கு 1 மில்லிமோலார் என்றால் 66.8 மி.கி. அடினோசின். புட்டியில் 99 சதவீதத் தூய்மை என்று எழுதியிருந்தால் மிச்சம் 0.67 மி.கி. என்னவென்று யாருக்கும் தெரியாது. அது உங்கள் படலத்தைப்போல 40 மடங்குக்கும் மேல். அதில் நூற்றில் இரண்டு பங்கு பரப்புக்கு ஏறிவந்தாலும் படலத்தின் எடைக்குச் சமமாகிவிடும்.

உப்பை 500 டிகிரிக்கு மேல் வறுத்துக் கரிமப் பசையை எரிக்கலாம். அடினோசினை வறுக்க முடியாது. வெந்நீரில் கரைத்துக் குளிரவைத்து மறுபடிகமாக்குங்கள். பிறகும் பரப்பு அழுக்கானால் பேரியரை மூடி, பம்பில் இணைத்த கண்ணாடிப் பிப்பெட் நுனியால் மேற்பரப்பை உறிஞ்சி, திறந்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி மூடுங்கள். மூன்று நான்கு சுற்றில் 0.2க்குக் கீழே வந்துவிடும். ஊசிமுனை வடிகட்டியில் வடிகட்டினால் முதல் 20 மி.லி.யைக் கொட்டிவிடுங்கள்; சில சவ்வுகளில் ஈரமாக்கும் பொருள் தடவியிருக்கும். அடினோசின் கரைசலை அன்றன்றே செய்யவேண்டும். நுண்ணுயிருக்கு அது விருந்து.

அறிகுறி: ஐசோதெர்ம் ஒவ்வொரு முறையும் இடம் மாறுகிறது

வடிவம் அப்படியே இருந்து கோடு முழுவதும் இடமோ வலமோ நகர்ந்தால், பரப்பிய அளவு தப்பு. வடிவமே மாறினால் வேறு விஷயம், அதைத் தனியாகப் பார்க்கவேண்டும்.

காலையில் இருந்த இடத்தைவிட மாலையில் வலப்பக்கம் நகர்ந்திருந்தால் குளோரோஃபார்ம் ஆவியாகிக் கரைசல் கெட்டியாகியிருக்கிறது. திருகுமூடிப் புட்டியில் 2 மி.லி. வீதம் பிரித்து வைத்து ஒரு புட்டியை ஒரு நாளுக்கு மேல் பயன்படுத்தாமல் இருப்பதே நல்ல வழி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் உறிஞ்சினாலும் இதே திசையில் பிழை வரும். குளோரோஃபார்ம் 20 டிகிரி சூடாகும்போது சுமார் 2.5 சதவீதம் விரியும். குளிர்ந்த கரைசலில் அதே கன அளவில் அவ்வளவு கூடுதல் மூலக்கூறுகள் இருக்கும். அரை மணி நேரம் மேசையில் வைத்தபிறகு திறங்கள். இல்லையென்றால் உள்ளே ஈரமும் படியும்.

கோடு இடப்பக்கம் போகிறது என்றால் துளிகள் முழுதாகப் பரவவில்லை. ஹேமில்டன் போன்ற கண்ணாடிச் சிரிஞ்சின் ஊசிமுனையில் துளியைத் தொங்கவிட்டு, நீரைத் தொட்டும் தொடாமலும் இறக்குங்கள். மேலிருந்து போட்டால் துளி அடியில் மூழ்கிவிடும், ஏனென்றால் குளோரோஃபார்மின் அடர்த்தி நீரைப்போல ஒன்றரை மடங்கு. பிளாஸ்டிக் டிப் வைத்த மைக்ரோபிப்பெட் வேண்டவே வேண்டாம். குளோரோஃபார்ம் அதிலிருந்து மென்மையாக்கியைக் கரைத்துக்கொண்டு வரும். தலை முனைவுள்ளது என்பதால் சில தொகுதிகள் குளோரோஃபார்மில் தெளிவாகக் கரைவதில்லை. புட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு சுழற்று சுழற்றுங்கள். பட்டு நூல் மாதிரி மினுக்கம் அலைந்தால் அது கரையாத படிகம். பத்தில் ஒரு பங்கு மெத்தனால் சேர்த்தால் தெளியும், ஆனால் மெத்தனால் நீரோடு கலக்கும்போது கொஞ்சம் லிப்பிடை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அதற்கு மேல் சேர்க்கவேண்டாம்.

அறிகுறி: பேரியரை நிறுத்தியதும் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது

மூன்று காரணங்கள் உண்டு, மூன்றையும் ஒரே சோதனையில் பிரிக்கலாம். அழுத்தத்தை 20 மி.நி/மீ-இல் பிடித்துவைத்துப் பரப்பளவு எப்படிக் குறைகிறது என்று ஒரு மணி நேரம் பாருங்கள். முதல் பத்து நிமிடம் குறைந்து பிறகு நின்றால் அது படலம் சீராவது, கவலை இல்லை. நிற்காமல் குறைந்தால் படலம் சரிகிறது: தைமின் தலைகள் தமக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொண்டு முப்பரிமாணப் படிகமாகத் திரள்கின்றன. புரூஸ்டர் கோண நுண்ணோக்கி இருந்தால் (நீருக்கு 53.1 டிகிரி; அந்தக் கோணத்தில் வெறும் நீர் இருட்டாக இருக்கும், படலம் மட்டும் தெரியும்) பளிச்சென்று வெள்ளைப் புள்ளிகள் தெரியும். சரிவு அழுத்தத்துக்கு 10 மி.நி/மீ கீழே இறங்கி வேலை செய்யுங்கள்.

பரப்பளவு குறையவே இல்லை, ஆனால் பரப்பளவை நிறுத்திவைத்தால் அழுத்தம் இறங்குவதுபோல் காட்டுகிறது என்றால் அது நீர்மட்டம் இறங்குவது. 10 மி.மீ. அகலமும் 0.1 மி.மீ. கனமும் உள்ள வில்ஹெல்மி தகட்டில், நீர் 1 மி.மீ. ஆவியானால் மிதப்பு விசை குறைந்து அழுத்தம் சுமார் 0.5 மி.நி/மீ இறங்கியதுபோல் காட்டும். மூடிபோட்டு, உள்ளே ஈரப் பஞ்சு வைத்தால் பாதிக்கு மேல் அடங்கும்.

இறுகிய படலங்களில் இன்னொரு தொந்தரவு உண்டு. படலம் பலகைபோல விறைத்துப் பிளாட்டினத் தகட்டைச் சாய்த்துவிடும். தகட்டைப் பேரியருக்கு இணையாக ஒருமுறை, செங்குத்தாக ஒருமுறை தொங்கவிட்டு அளந்து பாருங்கள். எண்கள் வேறுபட்டால் வடிதாள் தகட்டுக்கு மாறுங்கள்.

அறிகுறி: அடினோசின் போட்டும் ஐசோதெர்மில் ஒரு மாற்றமும் இல்லை

இந்த இடத்தில் நிறைய பேர் செறிவைக் கூட்டுவார்கள். அது கடைசியாகச் செய்யவேண்டியது.

அடினின்–தைமின் ஒற்றை இணை நீரில் தாக்குப்பிடிக்காது. ஒவ்வொரு ஹைட்ரஜன் பிணைப்புக்கும் தண்ணீரே போட்டிக்கு வரும். குளோரோஃபார்மில் இத்தகைய இணையின் பிணைப்பு மாறிலி (எவ்வளவு பெரிதோ பிடி அவ்வளவு வலுவானது) மோலார்⁻¹ அலகில் சுமார் 100. நீர்–காற்று எல்லையில் நிலைமை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது: தலை நனைந்திருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு விரற்கடை மேலே எண்ணெய் மாதிரியான வால்களின் காடு. இந்த எல்லை எவ்வளவு உதவும் என்பதற்கு ஜப்பானில் குனிடாகே குழுவினர் அளந்த குவானிடினியம்–பாஸ்பேட் இணை நல்ல சாட்சி. நீருக்குள் அதன் மாறிலி 1.4, நீர்ப்பரப்பில் பத்து இலட்சத்திலிருந்து ஒரு கோடி. அங்கே மின்சுமையும் சேர்ந்து உழைக்கிறது. நம் இணையில் சுமை இல்லை, அதனால் அத்தனை பெரிய தாவலை எதிர்பார்க்கவேண்டாம். ஆனால் திசை அதுதான்.

முதலில் பார்க்கவேண்டியது, லிப்பிட் ஏற்கெனவே தன் இனத்தோடு ஜோடி சேர்ந்துவிட்டதா என்பது. குறைந்த இடத்தில் பரப்பிப் பத்தே நிமிடத்தில் இறுக்கினால் தைமின்–தைமின் கட்டு முந்திக்கொள்ளும், அடினோசினுக்கு வாசல் இருக்காது. 1.2 சதுர நானோமீட்டர் கொடுத்துப் பரப்புங்கள், குளோரோஃபார்ம் போக 15 நிமிடம், அடினோசின் வந்து சேர இன்னும் 30 நிமிடம், அழுத்தம் சுழியத்தில் இருக்கும்படி விடுங்கள். பிறகு நிமிடத்துக்கு 5 மி.மீ. வேகத்தில் இறுக்குங்கள்.

அடுத்து அடிநீரின் பிஹெச். அடினோசினின் முதல் நைட்ரஜன் 3.6க்குக் கீழே புரோட்டான் ஏற்கும், தைமினின் மூன்றாம் நைட்ரஜன் 9.8க்கு மேல் புரோட்டானை இழக்கும். 5.5 முதல் 8 வரை இரண்டும் சுமையில்லாமல் இருக்கும். காற்றுபட்ட சுத்த நீர் 5.6 அளவில் இருக்கும், அதுவே போதும். டிரிஸ் தாங்கல் கரைசலைத் தவிர்க்கவும். அதன் அமீன் தானும் ஒரு கை நீட்டும்.

அடினோசினுக்குப் பதிலாக அடினினே போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். அடினின் அறை வெப்பத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் அளவில்தான் கரையும், அதோடு அதன் ஒன்பதாம் நைட்ரஜனும் காலியாக இருப்பதால் பல பக்கம் பிடித்துக் கணக்கைக் குழப்பும்.

இத்தனைக்கும் பிறகு கோடு அசையவில்லையா? இணை சேரவில்லை என்று முடிவுகட்ட அவசரப்படாதீர்கள். அடினோசின் தலைக்கு நேர் கீழே தொங்கினால் பரப்பளவு மாறவேண்டிய கட்டாயமே இல்லை. அகச்சிவப்பு நிறமாலையைத்தான் கேட்கவேண்டும். நீர்ப்பரப்பில் நேரடியாக எடுத்தால் நீரின் வளைவு அதிர்வு 1640 செ.மீ.⁻¹ அருகே வந்து தைமினின் கார்போனைல் பட்டைகள் மேல் உட்கார்ந்துகொள்ளும். கால்சியம் ஃபுளோரைடு தகட்டில் ஏற்றி எடுங்கள், அது புற ஊதாவையும் விடும். கனநீரில் செய்வதும் வழிதான். ஆனால் மூன்றாம் நைட்ரஜனின் ஹைட்ரஜன் டியூட்டீரியமாக மாறிப் பட்டைகள் தாமாகவே நகரும். அதனால் அடினோசின் இல்லாத கனநீர்ப் படலத்தோடு மட்டுமே ஒப்பிடவேண்டும்.

அறிகுறி: எதைப் போட்டாலும் கோடு விரிகிறது

அடினோசினுக்கு 0.05 சதுர நானோமீட்டர் விரிந்தது என்று மகிழ்ந்து, பிறகு சைட்டிடினுக்கும் அவ்வளவே விரிந்தால் நீங்கள் பார்த்தது அடையாளங்காணல் அல்ல, ஏதோ ஒன்று போய் நுழைந்துகொண்டது. பெரும்பாலும் மேலே சொன்ன பொடி அழுக்கு.

மூன்று ஒப்புச் சோதனைகள் இல்லாமல் இணை சேர்ந்தது என்று எழுதக்கூடாது. ஒன்று, பொருந்தாத நியூக்ளியோசைடு (அடினோசின்போல வேறு காரமும் சர்க்கரையும் சேர்ந்தது): அதே 1 மில்லிமோலார் சைட்டிடினும் தைமிடினும். இரண்டு, தைமின் தலையே இல்லாத லிப்பிட்: ஆக்டாடெக்கனால் போதும், அதுவும் அடினோசின் மேல் விரிந்தால் விஷயம் தலையில் இல்லை. மூன்று, இதுதான் சிறந்தது: மூன்றாம் நைட்ரஜனில் மெத்தில் ஏற்றிய அதே தைமின் லிப்பிட். தலையின் பருமன் ஏறத்தாழ அதே, அடுக்கிக்கொள்ளும் வளையமும் அதே, ஹைட்ரஜன் கொடுக்கும் கை மட்டும் வெட்டப்பட்டது. அதில் விளைவு மறைந்து, மெத்தில் இல்லாததில் நிற்கிறது என்றால்தான் டிஎன்ஏவில் உள்ளதுபோன்ற வாட்சன்–கிரிக் பாணி இணை என்று பேசலாம். செய்து எடுக்க இரண்டு நாள் ஆகும். ஆய்வுக்கட்டுரைகளில் பலர் தவிர்த்துவிட்டுப் போவதும் இதைத்தான்.

செறிவுத் தொடரும் ஒன்று வேண்டும்: 0.01, 0.1, 1 மில்லிமோலார். விளைவு ஏறி ஏறி ஒரு மட்டத்தில் நின்றால் பிடிக்கும் இடங்கள் நிரம்பின என்று பொருள். நிற்காமல் நேர்க்கோட்டில் ஏறினால் அது அழுக்கின் கையெழுத்து.

அறிகுறி: தகட்டில் ஏற மறுக்கிறது, ஏறியதும் இறங்கிவிடுகிறது

பரிமாற்ற விகிதம் (நீர்ப்பரப்பில் படலம் இழந்த பரப்பை, முக்கிய தகட்டின் பரப்பால் வகுத்தது) 1.0, கூடக்குறைய 0.05 வரை ஏற்கலாம். மேலே எடுக்கும்போது 1, கீழே இறக்கும்போது கழித்தல் 1 என்று வந்தால், ஏறிய அடுக்கு அப்படியே உரிந்து நீருக்குத் திரும்புகிறது. முதல் அடுக்கைக் காயவிடாமல் முக்கியதே வழக்கமான காரணம். நீரேறிய தலைக்கும் குவார்ட்ஸுக்கும் நடுவே நீர்ப்படலம் சிக்கியிருக்கும். 30 முதல் 60 நிமிடம் தொட்டிக்கு மேலேயே தொங்கவிட்டுக் காயவையுங்கள். முதல் எடுப்பு நிமிடத்துக்கு 1 மி.மீ., அடுத்தவை 3 முதல் 5 மி.மீ.

குவார்ட்ஸ் நீரை முழுதாக ஏற்கும் அளவு சுத்தமாக இருக்கவேண்டும். பிரான்ஹா கரைசல் (அடர் கந்தக அமிலம் 3 பங்கு, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 1 பங்கு) செய்தால், அசிட்டோனில் கழுவிய தகட்டை ஒருபோதும் நேரே அதில் போடாதீர்கள், வெடிக்கும். புட்டியை மூடியும் வைக்காதீர்கள். புற ஊதா–ஓசோன் பெட்டி இருந்தால் அதுவே நிம்மதி.

அறிகுறி: மணிக்கணக்கில் ஒளி காட்டியும் நிறமாலை மாறவில்லை

முதலில், மாறினால் உங்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். மூலக்கூறு ஒன்றுக்கு 0.25 சதுர நானோமீட்டர் என்றால் சதுர செ.மீ.க்கு 6.6 × 10⁻¹⁰ மோல். தைமினின் மோலார் உறிஞ்சல் 270 நானோமீட்டர் அருகே 9,600 அளவு. ஓர் அடுக்கின் உறிஞ்சல் 0.006 மட்டுமே. தகட்டின் இரு பக்கமும் சேர்த்தால் 0.013. தகட்டைக் கழற்றி மாட்டுவதிலேயே அடிக்கோடு 0.002 ஆடும். ஓரடுக்கில் 30 சதவீத மாற்றம் சத்தத்துக்குள் அமிழ்ந்துபோகும். பக்கத்துக்குப் பத்து அடுக்கு ஏற்றினால் 0.13 கிடைக்கும், அதில் பேசலாம். தகடு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார ஒரு தாங்கி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, ஒளி படலத்தை அடைகிறதா? சாதாரணக் கண்ணாடி, பாலிஸ்டைரீன் மூடி, பைரெக்ஸ் ஜன்னல் மூன்றும் நமக்கு வேண்டிய அலைநீளத்தை விழுங்கிவிடும். உருக்கிய சிலிக்கா, குவார்ட்ஸ், கால்சியம் ஃபுளோரைடு போன்றவைதான் ஆகும். நீர்ப்பரப்பிலேயே ஒளி காட்டுபவர்கள் தொட்டியின் அடி ஜன்னல் வழியாகக் காட்டினால் இன்னொரு கண்ணி: 1 மில்லிமோலார் அடினோசின் 260 நானோமீட்டரில் ஒரு செ.மீ.க்கு 15 அளவு உறிஞ்சும். அடியிலிருந்து ஒரு ஃபோட்டான்கூட மேலே வராது. மேலிருந்துதான் காட்டவேண்டும். விளக்குக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக நேரம் கொடுத்து, அந்த அலைநீளத்துக்கு அளவீடு செய்த மீட்டரைப் படலம் இருக்கும் இடத்திலேயே வைத்து அளங்கள். கண்ணுக்கும் தோலுக்கும் முழு மறைப்பு வேண்டும்.

இனி எத்தனை நேரம் என்ற கணக்கு. 254 நானோமீட்டரில் சதுர செ.மீ.க்கு 1 மில்லிவாட் என்றால் நொடிக்கு 2.1 × 10⁻⁹ மோல் ஃபோட்டான். அந்த அலைநீளத்தில் மோலார் உறிஞ்சல் 7,000 என்று வைத்து, குவாண்டம் விளைவு (உறிஞ்சிய ஃபோட்டான்களில் வினையில் முடியும் பங்கு) 0.02 என்றால் பாதி வினை முடிய ஏறக்குறைய 17 நிமிடம். குவாண்டம் விளைவு 0.001 என்றால் ஐந்தரை மணி நேரம். தைமின் மட்டுமே கோத்த பதினெட்டு அலகு டிஎன்ஏ இழையில் இந்த எண் 0.03 அருகே. உங்கள் படலம் ஒரு மணி நேரத்திலும் அசையவில்லை என்றால் விளக்கைத் திட்டுவதை நிறுத்திவிட்டு வடிவியலைப் பாருங்கள்.

ஏனென்றால் இந்த வினைக்குப் பொறுமை கிடையாது. அந்தப் பதினெட்டு அலகு இழையில் இருமம் சுமார் ஒரு பிக்கோநொடியில் உருவாகிறது என்று 2007இல் காட்டினார்கள். அந்த நேரத்தில் எந்தத் தைமினும் திரும்பி நகர்ந்து அண்டை வீட்டுக்காரரைத் தேட முடியாது. ஒளி படும்போது யார் சரியாக நிற்கிறார்களோ அவர்கள்தான் ஒட்டுவார்கள். 1960இல் பியூக்கர்ஸும் பெரெண்ட்ஸும் உறைந்த தைமின் கரைசலில் இருமம் தாராளமாக உருவாவதைக் கண்டதும் இதே கதை. உறையாத கரைசலில் அது சிரமப்படும். படிகங்களுக்கு வேதியியலாளர் ஷ்மிட் வகுத்த விதி ஒன்று உண்டு: இரட்டைப் பிணைப்புகள் இணையாக, சுமார் 0.42 நானோமீட்டருக்குள் நிற்கவேண்டும். படலத்துக்கும் அதுவே கைவிளக்கு.

ஆகவே ஏற்றிய அழுத்தத்தை மாற்றி மூன்று தகடு செய்யுங்கள்: 10, 20, 30 மி.நி/மீ (30 உங்கள் சரிவுக்குக் கீழே இருந்தால்). அகச்சிவப்பில் வால்களின் பட்டை 2918 செ.மீ.⁻¹இல் நின்றால் வால்கள் நிமிர்ந்து ஒழுங்காக நிற்கின்றன, 2924க்கு மேல் போனால் தளர்ந்திருக்கின்றன. எது வேகமாக வினைபுரிகிறதோ அதில் தலைகள் சரியாக நிற்கின்றன. மிக இறுக்கமானதே வேகமானது என்று கட்டாயமில்லை. தைமின்–தைமின் ஹைட்ரஜன் பிணைப்பில் இறுகிய படிகத்தில் வளையங்கள் பக்கவாட்டில் கைகோத்து நிற்கலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அல்ல. அங்கே இருமம் பிறக்காது.

அறிகுறி: அடினோசின் சேர்த்த படலம் வெறும் படலத்தைவிட மந்தமாக இருக்கிறது

இது பெரும்பாலும் கோளாறே அல்ல, நீங்கள் தேடிய விடை. அடினோசின் இடையில் வந்து தைமின்களை 0.42க்கு அப்பால் தள்ளியிருக்கிறது. எதிர்த்திசையும் நடக்கும்: அடினின்களை வரிசையாகக் கோத்த பாலி(ஏ) இழை அச்சுப்போல உழைத்துத் தைமின்களை 0.34 நானோமீட்டர் அடுக்கில் நிறுத்தினால் வினை வேகமெடுக்கலாம்.

ஆனால் ஒரு கணக்குப் பிழையை முதலில் களையுங்கள். அடினோசின் படலத்தோடு தகட்டுக்கு ஏறிவிடும். அது 260இல் 15,000 அளவு உறிஞ்சும், ஒளியால் எளிதில் மாறாது. ஒன்றுக்கு ஒன்று ஏறியிருந்தால் 267 அருகே தெரியும் உறிஞ்சலில் தைமினின் பங்கு பாதிக்கும் குறைவு. தைமின் முழுதாக வினைபுரிந்தாலும் வரைபடம் பாதிகூட இறங்காது. மந்தம் என்று நீங்கள் படித்தது வெறும் வகுத்தல் பிழையாக இருக்கலாம். அடினோசின் பட்டையைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: வினை பாதியில் நின்றுவிடுகிறது

254 நானோமீட்டர் விளக்கானால் அது இருமத்தை ஆக்கவும் செய்யும், பிளக்கவும் செய்யும். இரண்டும் சமமாகும் இடத்தில் நிற்கும். 280க்கு மாறுங்கள். அங்கே தைமின் இன்னும் உறிஞ்சும், இருமம் ஏறத்தாழ உறிஞ்சாது.

280இலும் கடைசி 10, 15 சதவீதம் அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வரிசையில் நிற்பவர்கள் கண்மூடித்தனமாக அண்டையரோடு ஜோடி சேர்ந்தால் சிலர் இரு பக்கமும் ஜோடிகளுக்கு நடுவே தனியாக மாட்டிக்கொள்வார்கள். ஒற்றை வரிசைக்கு அந்தப் பங்கு 13.5 சதவீதம் என்று பாலிமர் வேதியியலாளர் ஃப்ளோரி 1939இலேயே கணக்குப் போட்டுவிட்டார். விளக்கைக் கூட்டி அவர்களுக்குத் துணை தேடித்தர முடியாது.

அறிகுறி: உறிஞ்சல் இறங்கியது, ஆனால் 240இல் திரும்பவில்லை

240 நானோமீட்டர் ஒளியில் இருமம் பிளந்து தைமின் பட்டை மீளவேண்டும். மீளவில்லை என்றால் பழைய இறக்கம் இருமத்தால் வந்தது அல்ல. படலமே போயிருக்கலாம்: அகச்சிவப்பில் 2918, 2850 பட்டைகளும் அதே விகிதத்தில் குறைந்தனவா என்று பாருங்கள். குறைந்திருந்தால் ஓசோன் தின்றுவிட்டது. தாழ் அழுத்தப் பாதரச விளக்கின் 185 நானோமீட்டர் கோடு காற்றிலிருந்து ஓசோன் செய்யும். அந்தக் கோட்டைத் தடுக்கும் உறையுள்ள விளக்கை வாங்கி, நைட்ரஜன் ஓட்டத்தில் வையுங்கள். வால்கள் அப்படியே இருக்க, 320 நானோமீட்டர் அருகே சிறிய மேடு எழுந்திருந்தால் 6-4 வகை விளைபொருள் (இரண்டு தைமின்கள் வேறு விதமாக ஒட்டியது) உருவாகியிருக்கிறது. அது 240க்குத் திரும்பாது.

அறிகுறி: நீர்ப்பரப்பில் விளக்கை ஏற்றியதுமே அழுத்தம் தாவுகிறது

பெரும்பாலும் சூடு. நீரின் பரப்பு இழுவிசை டிகிரிக்கு 0.15 மி.நி/மீ அளவில் இறங்கும், லிப்பிட் படலம் அதைவிட அதிகமாகவே துள்ளும். விளக்கை மூடித் திறந்து பாருங்கள். அழுத்தம் கூடவே ஏறி இறங்கினால் சூடு, ஏறியது அங்கேயே நின்றால் வினை.

அறிகுறி: நிறை நிறமாலையில் இருமம் அருமையாகத் தெரிகிறது, ஒளி காட்டாத மாதிரியிலும் தெரிகிறது

படலத்தை உறிஞ்சி எடுத்து அளந்தால் சோடியத்தோடு சேர்ந்த இருமம் 779.6இல் வரும். ஒட்டாத இரண்டு லிப்பிட்கள் ஒரு சோடியத்தைப் பகிர்ந்துகொண்டு வந்தாலும் அதே 779.6. இரண்டின் அணுக்களும் ஒன்றே, ஆகவே எத்தனை துல்லியமான கருவியும் நிறையைக்கொண்டு பிரிக்காது. முதலில் திரவ நிறப்பிரிகையில் ஓட்டுங்கள். ஒற்றை லிப்பிட் வெளியேறும் நேரத்திலேயே 779.6 தோன்றினால் அது பொய் இருமம். வேறு நேரத்தில், 270இல் உறிஞ்சாத ஒரு சிகரமாகத் தோன்றினால் உண்மையானது. 40 நானோமோலில் செய்த ஒரு தொட்டிப் படலம் இதற்குத் தாராளம், ஆனால் உறிஞ்சும்போது கூடவே வரும் அடினோசினைக் குளோரோஃபார்ம்–நீர் பிரிப்பில் கழுவிவிட்டுச் செலுத்துங்கள்.